ஒரே இரவில் மூன்று மடங்கு புத்திசாலியான நாடு

இன்னைக்கு எபிசோடை ரெண்டு எண்களோட தொடங்கறேன். 1883-ல் பிரிட்டனில் பேட்டென்ட் கேட்டு வந்த விண்ணப்பங்கள் சுமார் 6,000. அடுத்த ஆண்டு, 1884-ல், 17,000-க்கும் மேல். கிட்டத்தட்ட மூணு மடங்கு.

இதை ஒரு கிராஃபா வரைஞ்சு, ஆண்டை மறைச்சு உங்ககிட்ட காட்டினா என்ன சொல்லுவீங்க? ஏதோ பெரிய விஞ்ஞானப் புரட்சி நடந்திருக்கணும், நாடு முழுக்க ஆய்வுக்கூடம் திறந்திருக்கணும், அப்படித்தானே? அப்படி எதுவும் நடக்கலை. 1884 ஜனவரி 1-ஆம் தேதி ஒரு புதிய சட்டம் அமலுக்கு வந்தது. அதுவரை விண்ணப்பிக்க 25 பவுண்டு கட்டணம். அன்றிலிருந்து 4 பவுண்டு. அவ்வளவுதான் கதை.

டிசம்பர் 31 ராத்திரி தூங்கப்போன பிரிட்டிஷ்காரர்கள், காலையில் எழுந்தபோது மூன்று மடங்கு புத்திசாலியாகிவிடவில்லை. கவுன்ட்டருக்குப் போகும் செலவு குறைந்தது. ஏற்கெனவே மண்டையில இருந்தது, பட்டறை மூலையில கிடந்தது எல்லாம் வரிசையில வந்து நின்னுது.

ஒரு சின்ன விஷயம். தமிழில் பேட்டென்ட்டுக்கு ‘காப்புரிமை’ன்னு எழுதறாங்க. ஆனா புத்தகம், பாட்டு சம்பந்தப்பட்ட காப்பிரைட்டுக்கும் அதே சொல்லைத்தான் பயன்படுத்தறாங்க. குழப்பம் வேண்டாம்னு நான் இன்னைக்கு முழுக்க பேட்டென்ட்டுன்னே சொல்லப்போறேன்.

இதை ஏன் இப்போ எடுத்தேன்னா, சமீப வருஷங்கள்ல ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருது. இந்தியாவில் பேட்டென்ட் விண்ணப்பங்கள் சாதனை அளவுக்கு உயர்ந்திருக்கு. மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடம். ரெண்டும் உண்மை. 2023-24 நிதியாண்டில் மட்டும் 92,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள். அந்தச் செய்திக்குக் கீழேயே ‘இந்தியாவின் கண்டுபிடிப்புத் திறன் உயர்ந்திருக்கிறது’ன்னு ஒரு வரி வந்துடும். முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்குத் தாவ முடியுமா? 150 வருஷமா பல நாடுகள் தாவிப் பார்த்த இடம் இது.

1884-க்கு முன்னாடி போவோம். 1850-ல் சார்லஸ் டிக்கன்ஸ் தன்னுடைய வாரப் பத்திரிகையில், ஒரு ஏழையின் பேட்டென்ட் அனுபவம் என்று ஒரு கதை எழுதினார். ஜான் என்ற தொழிலாளி. இருபது வருஷம் உழைத்து ஒரு சாதனத்தை உருவாக்குகிறான். பேட்டென்ட் வாங்க லண்டனுக்குப் போகிறான். இந்த அலுவலகம், அந்த அலுவலகம், ராணியின் கையெழுத்து, திரும்ப இன்னொரு முத்திரை என்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். முடிவில் 96 பவுண்டுக்கு மேல் செலவு. அதுவும் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, அயர்லாந்துக்கும் வேண்டுமென்றால் மொத்தம் 300 பவுண்டைத் தாண்டும். கதைதான், ஆனால் டிக்கன்ஸ் இதில் பெரிதாக மிகைப்படுத்தவில்லை. ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு அது பல வருஷச் சம்பளம்.

அந்தக் காலத்தில் பிரிட்டனில் ஆண்டுக்கு 400, 500 பேட்டென்ட்தான் பதிவானது. தொழிற்புரட்சி நடந்துகொண்டிருந்த நாடு, ரயில் ஓடிக்கொண்டிருந்த நாடு! 1852-ல் சட்டத்தை மாற்றி, ஒரே அலுவலகம், முதல் கட்டணம் 25 பவுண்டு என்று ஆக்கினார்கள். உடனே விண்ணப்பங்கள் ஆண்டுக்கு 3,000 அளவுக்குப் போயின. 1884-ல் நாம் பார்த்த தாவல் அதன் இரண்டாம் பாகம்.

ஆனா 1852 சட்டத்தில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. மூன்றாவது ஆண்டு முடிவதற்குள் 50 பவுண்டு, ஏழாவது ஆண்டு முடிவதற்குள் 100 பவுண்டு கட்டினால்தான் பேட்டென்ட் உயிரோடு இருக்கும். பெரும்பாலானவர்கள் அந்த 50 பவுண்டையே கட்டவில்லை. 100 பவுண்டு வரை போனவர்கள் வெகு சிலர். அதாவது, தன்னுடைய கண்டுபிடிப்பு 50 பவுண்டுகூடப் பெறாது என்று கண்டுபிடித்தவரே மூன்று வருஷத்தில் முடிவு பண்ணிவிட்டார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வர்றேன்.

சரி, பேட்டென்ட் ஆனதை எண்ணலாம், பதிவேடு இருக்கு. பேட்டென்ட் ஆகாத கண்டுபிடிப்பை எப்படி எண்ணுவது? இது கொஞ்சம் விசித்திரமான கேள்வி. பதிவே ஆகாத ஒன்றுக்கு எங்கே போய் கணக்கெடுப்பது? பெட்ரா மோசர் என்ற பொருளாதார வரலாற்று ஆய்வாளர் இதற்கு ஒரு அருமையான வழி கண்டுபிடித்தார். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில், கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்ணாடி மாளிகையில், உலகின் முதல் பெரிய சர்வதேசத் தொழில் கண்காட்சி நடந்தது. அறுபது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். நாடு நாடாகத் தங்களுடைய புதுச் சரக்கைக் கொண்டுவந்து வைத்தார்கள். எது என்ன, யாருடையது என்று கேட்டலாக் இருந்தது. எதற்கு விருது என்ற பட்டியலும் இருந்தது. மோசர் அந்தக் கேட்டலாக்கை எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் பேட்டென்ட் இருந்ததா என்று பார்த்தார்.

பிரிட்டிஷ் பொருள்களில் பேட்டென்ட் இருந்தவை சுமார் 11 சதவீதம்.

பத்தில் ஒன்பது, பேட்டென்ட் புத்தகத்துக்கு வெளியே! அப்போ பேட்டென்ட் எண்ணிக்கையை மட்டும் வைத்து 1851-ன் பிரிட்டனை அளந்தவர், கண்காட்சிக்குள் நுழைந்து ஒன்பது கூடத்தை விட்டுவிட்டுப் பத்தாவதை மட்டும் பார்த்தவர் மாதிரி. அது மட்டுமில்லை, பேட்டென்ட் சட்டமே இல்லாத சுவிட்சர்லாந்து, மக்கள்தொகைக்கு இத்தனை என்று கணக்குப் போட்டால் அந்தக் கண்காட்சியில் முன்வரிசையில் இருந்தது. பேட்டென்ட் கணக்கில் அதன் மதிப்பெண் பூஜ்யம்.

பேட்டென்ட் இல்லாதவர்கள் திருட்டை எப்படித் தடுத்தார்கள்? வாயை மூடிக்கொண்டு. பேட்டென்ட் என்பதே ஒரு பேரம்தானே: நீ உன் ரகசியத்தை வெளியே சொல், சில வருஷம் வேறு யாரும் செய்யாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அரசு சொல்கிறது. ரகசியத்தைக் காப்பாற்ற முடிந்தவனுக்கு அந்தப் பேரம் எதுக்கு? நம்ம ஊர்ல தலைமுறை தலைமுறையா ஒரு கடையோட மசாலாக் கலவை வெளிய போகாம இருக்கே, அதே வழி. ஒரு இயந்திரத்தை வாங்கிப் பிரித்துப் பார்த்தால் ரகசியம் தெரிந்துவிடும். அதனால் இயந்திரக்காரர்கள் பேட்டென்ட்டுக்கு ஓடினார்கள். ஒரு சாயத்தையோ ரசாயனத்தையோ பார்த்து, அது எப்படி உருவானது என்று சொல்ல முடியாது. அதனால் அவர்கள் போகவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் ஒன்று உண்டு. 1869-ல் மெண்டலீவ் தனிம அட்டவணையை வெளியிடுகிறார். ரசாயனப் பகுப்பாய்வு படிப்படியாக எளிதாகிறது. இன்னொருவன் சரக்கில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது முன்புபோல் கஷ்டமில்லை. அதன் பிறகு நடந்த கண்காட்சிகளைப் பார்த்தால், ரசாயனப் பொருள்களில் பேட்டென்ட் விகிதம் ஏறுகிறது என்று மோசர் காட்டுகிறார். அதாவது ரசாயனக்காரர்களை வரிசையில் கொண்டுவந்து நிறுத்தியது, ரகசியத்தை இனிமேல் காப்பாற்ற முடியாது என்ற பயம். கிராஃப் ஏறியதன் அர்த்தம், பூட்டு உடைஞ்சு போச்சு என்பது.

இன்னொரு பூஜ்யம் நெதர்லாந்து. அவர்களிடம் பேட்டென்ட் சட்டம் இருந்தது. 1869-ல் அதை ஒழித்தார்கள். மறுபடி அமலுக்குக் கொண்டுவந்தது 1912-ல். நடுவில் நாற்பத்து மூன்று வருஷம் உள்நாட்டு பேட்டென்ட் எண்ணிக்கை பூஜ்யம். அந்த நாற்பத்து மூன்று வருஷத்தில் என்ன நடந்தது? பிரான்ஸில் கண்டுபிடிக்கப்பட்ட மார்ஜரினை, ஓஸ் என்ற சிற்றூரில் யூர்கென்ஸ், வான் டென் பெர்க் என்ற இரண்டு வெண்ணெய் வியாபாரக் குடும்பங்கள் செய்யத் தொடங்கின. அந்தத் தொழில் வளர்ந்து, 1929-ல் பிரிட்டனின் லீவர் பிரதர்ஸோடு சேர்ந்து யூனிலீவர் ஆனது. இன்னைக்குக் காலையில நீங்க குளிச்ச சோப்பு அவங்களோடதா இருக்கலாம். 1891-ல் ஐந்தோவன் நகரில் பிலிப்ஸ் குடும்பம் மின்விளக்கு செய்ய ஆரம்பித்தது. வெளிநாட்டில் மற்றவர்கள் உரிமம் வாங்கிச் செய்த விளக்கை இவர்கள் சும்மாவே செய்யலாம், தடுக்கச் சட்டம் இல்லை.

‘அப்போ காப்பி அடிச்சுத்தானே பெரிய ஆள் ஆனாங்க?’ன்னு கேக்கலாம். ஆமாம். மறுக்கலை. ஆனால் காப்பி அடிக்கவும் கை வேண்டும். விளக்கு எரியணும், அணையாமல் இருக்கணும், அடுத்தவன் விலையைவிடக் குறைவாக இருக்கணும். அந்த வேலையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. அதே சமயம், சட்டம் வந்த பிறகு பிலிப்ஸ் சும்மா இருக்கவில்லை. 1914-லேயே சொந்த ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியது. பின்னாளில் அது உலகின் பெரிய தொழில் ஆய்வுக்கூடங்களில் ஒன்று. அதனால பேட்டென்ட்டால பயனே இல்லைன்னு இந்தக் கதையிலிருந்து யாராவது முடிவு கட்டினா, நான் அதுக்குச் சம்மதிக்க மாட்டேன். சட்டம் மனிதர்கள் நடந்துகொள்வதை மாற்றுகிறது. அதனாலதான் சட்டம் மாறின இடத்துல முன்னையும் பின்னையும் எண்ணி ஒப்பிடுறது ஆபத்து.

இப்போ அமெரிக்கா. 1978-ல் அமெரிக்க அரசு வழங்கிய பேட்டென்ட்கள் சுமார் 66,000. 1979-ல் 49,000-க்குள் வந்துவிட்டது. 1980-ல் திரும்ப சுமார் 62,000. எழுபதுகளில் அமெரிக்காவுக்கு ஏற்கெனவே ஒரு பயம். ஜப்பான் கார் வருகிறது, உற்பத்தித்திறன் குறைகிறது, நம் மூளை வற்றிவிட்டதா என்று பேச்சு. அந்த நேரத்தில் இப்படி ஒரு பள்ளம். சுவி கிரிலிக்கஸ் என்ற பொருளாதார அறிஞர் 1990-ல் பேட்டென்ட் புள்ளிவிவரங்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இன்றுவரை இந்தத் துறையில் எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அவர் அந்தப் பள்ளத்தின் காரணத்தைச் சொல்கிறார்: 1979-ல் அங்கீகரித்த பேட்டென்ட்களை அச்சடிக்க அலுவலகத்திடம் பணம் இல்லை.

அச்சடிக்கக் காசில்லை! ஒரு நாட்டின் புத்திசாலித்தனம் ஒரே வருஷத்தில் கால்வாசி குறைந்துபோனதற்கு அதுதான் காரணம்.

இதையே நம்ம நாட்டுக்கு வெச்சுப் பார்த்தா இன்னும் சுவாரஸ்யமா இருக்கும். சுதந்திரம் கிடைத்தபோது நம்மிடம் இருந்தது 1911-ல் பிரிட்டிஷார் போட்ட பேட்டென்ட் சட்டம். அதை ஆராய 1957-ல் அரசு ஒருவரை நியமித்தது. நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார். அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கை, எண்ணிக்கை எவ்வளவு என்பதோடு நிற்கவில்லை. யாருடையது என்று பார்த்தது. இந்திய பேட்டென்ட்களில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவரிடம் இருந்தது. அதில் பெரும்பகுதி இந்தியாவில் உற்பத்திக்கே வரவில்லை. இங்கே யாரும் செய்யக் கூடாது என்பதற்காகப் போட்டு வைத்த பூட்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், ஐம்பதுகளின் இந்தியா கண்டுபிடிப்பில் பரவாயில்லையே என்று தோன்றியிருக்கும்.

அந்த அறிக்கையின் அடிப்படையில் 1970-ல் புதுச் சட்டம், 1972-ல் அமல். மருந்து, உணவு இரண்டிலும் பொருளுக்கு பேட்டென்ட் கிடையாது, செய்யும் முறைக்கு மட்டும்தான். அதுவும் சில வருஷங்களுக்கு. உடனே விண்ணப்பங்கள் குறைந்தன. கிராஃபில் எழுபதுகள் ஒரு சரிவு. ஆனால் அதே வருஷங்களில்தான் இந்திய வேதியியலாளர்கள், ஒரே மருந்தை வேறு வழியில் எப்படிச் செய்வது, மலிவாக எப்படிச் செய்வது என்று கற்றுக்கொண்டார்கள். 2001-ல் சிப்லா நிறுவனம், மூன்று எச்.ஐ.வி. மருந்துகளின் கூட்டை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. மேற்கத்திய விலை அப்போது 10,000 டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த நேரம் அது. மூலக்கூறுகளைக் கண்டுபிடித்தவர்கள் வேறு நாட்டார், அதையும் சொல்லணும். ஆனால் அந்த விலைக்குச் செய்யும் கைத்திறன், பேட்டென்ட் கிராஃப் படுத்துக் கிடந்த வருஷங்களில் வளர்ந்தது.

சீனா பற்றிச் சுருக்கமா சொல்லிடறேன். 2011-ல் அமெரிக்காவைத் தாண்டி உலகிலேயே அதிக விண்ணப்பம் வாங்கும் அலுவலகம் ஆனது. 2015-ல் பத்து லட்சத்தைத் தாண்டியது. உண்மையான தொழில்நுட்ப வளர்ச்சி அதில் நிறையவே இருக்கு. ஆனா கூடவே, விண்ணப்பம் போட்டாலே உள்ளூர் அரசுகள் பணம் கொடுத்தன. பணம் வாங்கவே எழுதின விண்ணப்பங்கள் குவிந்தன. கடைசியில் சீன அரசே 2021-ல், இந்த மானியங்களைப் படிப்படியாகக் குறைத்து 2025-க்குள் நிறுத்தவேண்டும் என்று உத்தரவு போட்டது.

இப்போ நம்ம காலேஜ் வாசலுக்கு வருவோம். 2021 செப்டம்பரில் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, கல்வி நிறுவனங்களுக்கு பேட்டென்ட் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தது. 8,000 ரூபாய் இருந்த விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். 25 பவுண்டு 4 பவுண்டான கதை, அப்படியே. இன்னொரு பக்கம், கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்-ல் பேட்டென்ட்டுக்கு மதிப்பெண் உண்டு. வழங்கப்பட்டதற்கு மட்டும் இல்லை, ‘வெளியானதற்கும்’. தமிழ்நாட்டில் எத்தனை பொறியியல் கல்லூரி இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மாநிலம் முதலிடம் வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

இந்த ‘வெளியானது’ என்ற சொல்லுக்குள்ளதான் விஷயம் இருக்கு. லிங்க்ட்இன்ல ‘பேட்டென்ட் பப்ளிஷ்டு’ன்னு மாலை போட்ட மாதிரி ஒரு பதிவு, கீழ நூறு வாழ்த்து, பார்த்திருப்பீங்க. இந்தியாவில் ஒரு விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதம் ஆனதும் பேட்டென்ட் அலுவலக இதழில் தானாகவே வெளியாகும். அவசரமென்றால் தனிப் படிவம், தனிக் கட்டணம், சீக்கிரமே வெளியாகிவிடும். அதுவரை யாரும் அதைப் பரிசோதிக்கவில்லை. இது புதுசா, ஏற்கெனவே இருக்கா, வேலை செய்யுமா, எதையும் பார்க்கவில்லை. பரிசோதிக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுக் கட்டணம் கட்டணும். கேட்கலைன்னா, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனா மதிப்பெண் வந்தாச்சு, ரெஸ்யூமேல ஏறியாச்சு. உண்மையிலேயே ராத்திரி பகலா லேப்ல உட்கார்ந்து ஒண்ணு செஞ்ச பொண்ணோட பேட்டென்ட்டும், ஒரு வாரக் கடைசியில எழுதி அனுப்பினதும் அந்தப் பட்டியல்ல ஒரே வரி, ஒரே எடை. இதில் நஷ்டப்படுவது அந்தப் பெண்தான். அவள் வேலை கூட்டத்தில் தொலைந்துபோகிறது.

எண்ணாம வேற எப்படி அளக்கறது? வழிகள் இருக்கு. மனுவேல் டிராக்டன்பர்க் என்ற ஆய்வாளர், சி.டி. ஸ்கேன் இயந்திரத்தின் பேட்டென்ட்களை எடுத்து ஆராய்ந்தார். வெறும் எண்ணிக்கைக்கும், அந்தக் கண்டுபிடிப்புகளால் சமூகத்துக்குக் கிடைத்த பயனுக்கும் சம்பந்தமே தெரியவில்லை. ஆனால் பின்னால் வந்த பேட்டென்ட்கள் எதையெல்லாம் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்று எடை போட்டபோது, சம்பந்தம் தெரிந்தது. இன்னொரு வழி, நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன அந்த 50 பவுண்டு. இந்தியாவிலும் மூன்றாவது ஆண்டிலிருந்து புதுப்பிப்புக் கட்டணம் உண்டு; கட்டாவிட்டால் பேட்டென்ட் செத்துப்போகும். எத்தனை பேர் தங்கள் சொந்தக் காசைப் போட்டு அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள்?

மூன்றாவதாக, நம்ம சட்டத்தில் ஒரு படிவம் இருக்கு. படிவம் 27. பேட்டென்ட் வாங்கினவர் அதில் ஒன்றைச் சொல்லியாகணும்: இந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்ததா, இல்லையா? முன்பு ஆண்டுதோறும், 2024 திருத்தத்துக்குப் பிறகு மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை. 1959-ல் அய்யங்கார் கவலைப்பட்ட அதே விஷயம், அரை நூற்றாண்டாக ஒரு படிவமாக இருக்கு. தலைப்புச் செய்தியில் இந்தப் படிவத்தின் எண்களை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

உங்க காலேஜ்லயோ ஆபீஸ்லயோ யாராவது பேட்டென்ட் விண்ணப்ப எண் கொடுத்தா, இந்திய பேட்டென்ட் அலுவலகத்தோட தேடல் பக்கத்துல போட்டுப் பாருங்க, இலவசம்தான். பரிசோதனைக்குக் கேட்டிருக்காங்களான்னு முதல்ல பாருங்க. கேட்டிருந்தா, அதிகாரி என்ன ஆட்சேபம் எழுதினார், இவங்க என்ன பதில் சொன்னாங்கன்னு ரெண்டுமே அங்க படிக்கக் கிடைக்கும். சில சண்டைகள் ரொம்ப நல்லா இருக்கும். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.